உப்புத் தண்ணீர் வீட்டுக்கு எந்த ஹீட்டர்? சோலாரா, கீசரா?

தோணித்துறையான்:
எங்கள் வீட்டு 25 லிட்டர் கீசர் ஆறாவது வருடத்தில் கையை விரித்துவிட்டது. முதலில் பாத்ரூம் சுவரில் துரு நிறத்தில் ஒரு கோடு. இரண்டு நாள் கழித்துப் போட்டவுடன் டிரிப். வீடு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், கடல் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆறு பேர். அம்மாவுக்கு மூட்டு வலி, தங்கை பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குளிக்க போர் தண்ணீர், குடிக்கக் காவிரித் தண்ணீர், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். கடைக்காரர் காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சுட வைக்கிற ஹீட் பம்ப் என்கிறார், மச்சான் சோலார் என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

வெயில்வாசி:
ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு வெயிலுக்கு யோசிக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையத்தை வேறு எதற்குக் கட்டினார்கள்? கண்ணாடிக் குழாய் வகையில் 200 லிட்டர் போடுங்கள். கரண்ட் பில் கவலையே இல்லை.

கீழக்கரை காக்கா:
தம்பி, கமுதியில் இருப்பது மின்சாரம் எடுக்கிற பலகை, வெந்நீர்க் குழாய் இல்லை. அங்கே கடல் காற்றும் இல்லை. நான் சோலார் போட்டு அழுதவன். நாலாம் வருடம் ஒரு கண்ணாடிக் குழாயை உருவினோம். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைச் சேறு, தயிர் மாதிரி. ஸ்டாண்டின் போல்ட் ஸ்பானர் வைத்ததும் பிஸ்கட் போல உதிர்ந்தது. ஆடிக்காற்றில் இரண்டு குழாய் போனது தனிக்கதை. இன்னொன்றும் யோசியுங்கள். சித்திரையில் மொட்டைமாடி சின்டெக்ஸில் இருந்து வருகிற தண்ணீரே கை வைக்க முடியாத சூடு. அப்போது வெந்நீர் யாருக்கு வேண்டும்? வேண்டியது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வானம் மூடிக் கிடக்கும்.

வெயில்வாசி:
மழை விட்ட பிறகு மார்கழி, தை முழுக்கப் பளிச்சென்று வெயில்தான் காக்கா. குளிருகிற மாதமும் அதுதான். மழை நாளுக்குத் தொட்டிக்குள்ளேயே ஒரு கரண்ட் எலிமென்ட் வைத்துக்கொள்ளலாம். குழாயில் சேறு வந்தால் வருடம் ஒரு முறை கழுவ வேண்டியதுதானே. நீங்கள் நாலு வருடம் தொடாமல் விட்டுவிட்டுச் சோலாரைத் திட்டுகிறீர்கள்.

கீழக்கரை காக்கா:
வருடா வருடம் மாடி ஏறிக் கண்ணாடி கழுவ எனக்கு 30 வயது இல்லை.

ஒயர்மேன்:
ஹீட் பம்ப் வேண்டாம் அண்ணே. அதன் வெளி யூனிட்டும் ஏசி வெளி யூனிட் மாதிரிதான், அலுமினியத் தகடு வைத்தது. உங்கள் தெருவில் கடலைப் பார்த்து மாட்டிய ஏசியை எல்லாம் ஒரு சுற்றுப் பாருங்கள், தெரியும். கேஸ் கீசரையும் மூடின பாத்ரூமுக்குள் வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும், அதுவும் பச்சை உடம்புக்காரி இருக்கிற வீடு. எது வாங்கினாலும், கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கட்டும். உங்களுக்கு டிரிப் ஆனதற்குக் காரணம், எலிமென்டின் மேலுறை ஓட்டையாகி உப்புத் தண்ணீர் உள்ளே போனதாகத்தான் இருக்கும். டிரிப் ஆனது நல்ல காலம்.

பழைய பாய்லர்:
தாமிர பாய்லர், நடுவில் குழாய், கீழே நாலு கருவேலங் கட்டை. எங்கள் அப்பா காலத்தது, இன்னும் ஓடுகிறது. விறகுக்கு நம் ஊரில் பஞ்சமா?

தோணித்துறையான்:
ஐயா, மாடி பாத்ரூமில் புகையை எங்கே விடுவது?

தேவிபட்டினம் டீச்சர்:
எல்லோரும் சூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். இங்கே ஹீட்டரைக் கொல்வது தண்ணீர். அதில் இரண்டு எதிரிகள். சுண்ணாம்பு, சூடு ஏற ஏற எலிமென்டின் மேல் படிந்து அதை மூடிவிடும். உப்பில் இருக்கிற குளோரைடு தொட்டியையே துளைக்கும். 304 வகை எவர்சில்வர் தொட்டி என்று பெருமையாகச் சொல்வார்கள், சூடான உப்புத் தண்ணீரில் அதிலும் ஊசித்துளை விழும். 316 தேவலை. எனாமல் பூசிய தொட்டி என்றால் உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதில் அது கரையும். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரையும். அதை மாற்ற வேண்டும் என்று விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

காரைக்குடியில் இருக்கிற சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகம் துருப்பிடிப்பதைச் சோதிக்க மண்டபத்தில்தான் நிலையம் வைத்திருக்கிறது. புதுப் பாம்பன் பாலத்துக்கே துருவைத் தடுக்கப் பாலிசிலாக்சேன் என்ற பூச்சு பூச வேண்டியிருந்தது. உங்கள் கீசர் எம்மாத்திரம்?

வெயில்வாசி:
சாஃப்ட்னர் வைத்தால் தீர்ந்தது டீச்சர்.

தேவிபட்டினம் டீச்சர்:
சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுக்கும், குளோரைடு அப்படியே நிற்கும். அதற்கும் மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிப் போட வேண்டும். உப்புத் தண்ணீருக்கு உப்பு!

என் யோசனை வேறு. ஒருவர் குளிக்க 20 லிட்டர், 40 டிகிரி என்று வையுங்கள். பச்சைத் தண்ணீர் 27 டிகிரி. கீசரில் 60 டிகிரிக்குச் சுட்டால் அதில் 8 லிட்டர் எடுத்தால் போதும், மீதி 12 லிட்டர் பச்சைத் தண்ணீர். ஆறு பேருக்கு கீசர் வழியாகப் போவது 48 லிட்டர், அதாவது மூன்று குடத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த மூன்று குடம் மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும், மற்றது போரில் இருந்தே வரட்டும். கரண்ட் நாளைக்கு இரண்டு யூனிட்டுக்குள். இதற்கு 200 லிட்டர் சோலார் எதற்கு?

கீழக்கரை காக்கா:
சோலார் வேண்டாம் என்று நான் சொன்னதும் அதனால்தான், ஆனால் மூன்று குடம் நல்ல தண்ணீரா? டீச்சரம்மா, எங்கள் தெருவில் தள்ளுவண்டி வந்தால் ஒரு குடத்துக்கு இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசாமல் போவார்கள். குடிக்கிற தண்ணீரைக் குளிக்க ஊற்றினால் என் உம்மா கபரில் இருந்து எழுந்து வருவார்.

தேவிபட்டினம் டீச்சர்:
காவிரித் தண்ணீர் என்று நான் சொல்லவே இல்லையே காக்கா. வெயில்வாசியின் சோலாரை முடக்குகிற அதே ஐப்பசி மழை இருக்கிறதே, அதைப் பிடியுங்கள். 750 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 700 லிட்டர். முதல் மழையில் மாடியைக் கழுவி விட்டு அடுத்ததைப் பிடித்தால் போதும். வெந்நீர் வேண்டிய மாதமும் தண்ணீர் விழுகிற மாதமும் ஒன்றுதான். வேறு எந்த ஊருக்கு இந்த வசதி?

வெயில்வாசி:
மாசி, பங்குனியில் தொட்டி காலியானால்?

தேவிபட்டினம் டீச்சர்:
அப்போது போர் லைனைத் திறந்துகொள்ளட்டும். வருடத்தில் பாதி நாள் தப்பித்தாலும் கீசருக்கு ஆயுசுதான். தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை திருகாமல் வைத்தாலே சுண்ணாம்பு குறையும்.

ஒயர்மேன்:
ஒன்று கவனியுங்கள். இரண்டு தொட்டி என்றால் மிக்சர் குழாய் வேண்டாம். உயரம் மாறினால் போர் தண்ணீர் எதிர்த்து கீசருக்குள் ஏறும். வெந்நீருக்குத் தனிக் குழாய், கீழே பக்கெட். கீசர் உள்வழியில் ரிட்டர்ன் போகாத வால்வு. 2 கிலோவாட் போதும், 9 ஆம்பியர்தான் இழுக்கும்.

தோணித்துறையான் (நாலு நாள் கழித்து):
பழைய கீசரைக் கழற்றிவிட்டோம். டீச்சர் சொன்ன மெக்னீசியக் கம்பி இருந்த இடத்தில் துடைப்பக் குச்சி கனத்தில் ஒரு கம்பிதான் மிச்சம். எலிமென்டைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு. தட்டத் தட்ட கால் பக்கெட் வந்தது. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட இதைத் திறந்து பார்த்ததில்லை, தப்பு என் மேல்தான்.

எனாமல் தொட்டியோடு 25 லிட்டர், 2 கிலோவாட் கீசர் சொல்லிவிட்டேன். மாடியில் 500 லிட்டர் தொட்டி தனியாக வருகிறது, மழைத் தண்ணீருக்கு. மச்சான் இரண்டு நாளாகப் பேசவில்லை. கம்பியைப் பார்க்க வருடா வருடம் தை மாதம் என்று காலண்டரில் அம்மா எழுதி வைத்துவிட்டார்.

வெயில்வாசி:
தங்கை ஊருக்குப் போனதும் பில்லைப் போடுங்கள், பார்ப்போம்.

பழைய பாய்லர்:
பழைய தொட்டியை என்ன செய்தீர்கள்?

தோணித்துறையான்:
இரும்புக்காரர் வாசலில் நிற்கிறார் ஐயா. உள்ளே இருக்கிற மீதிச் சுண்ணாம்பைத் தட்டிக் கொடுத்தால்தான் எடை போடுவாராம்.