தாத்தா திதியும் ஷாவ்லினும்

கவிதா: தாத்தா திதி ஞாயிறு வருகிறது. பெரியம்மா வீட்டிலா, ரவி சித்தப்பா வீட்டிலா? இன்றைக்குச் சொன்னால்தான் சமையல்காரரைப் பிடிக்க முடியும்.

லதா அத்தை: பெரியம்மா வீடுதான். எப்போதும் அங்கேதானே.

ரவி சித்தப்பா: எப்போதும். ஆமாம்.

தருண்: நடுவில் ஒன்று. திங்கட்கிழமை காலேஜில் கேம் புராஜெக்ட் காட்ட வேண்டும். சீன வாள்வீரர் கதை. ஐந்து சண்டைக்கலைப் பள்ளிகள் மோதுகின்றன. விளையாடிப் பார்த்தவர்கள் ஐந்தும் ஒரே மாதிரி இருக்கிறது என்கிறார்கள். கதைகளில் எந்தப் பள்ளி நிலைக்கும், எது அழியும்? செல்வம் மாமா?

லதா அத்தை: போச்சு.

செல்வம் மாமா: சரியான ஆளைக் கேட்டாய். ஹாங்காங் எழுத்தாளர் ஜின் யோங்கின் வாள்வீரர் கதைகளை வைத்தே சொல்கிறேன். மனிதர் 1955 முதல் 1972 வரை எழுதினார். பெரிய வீரன் எங்கே இருக்கிறானோ அந்தப் பள்ளிதான் தேறும் என்று நினைக்காதே. குரு வாங் சோங்யாங் உயிரோடு இருந்தவரை சுவான்ஜென் பள்ளிக்கு எதிரில் நிற்க ஆளில்லை. அவர் போனதும் ஏழு சீடர்கள் மிச்சம். தனியாக நின்றால் பெரிய கைகளிடம் அடி வாங்குவார்கள். ஏழு பேரும் சப்தரிஷி மண்டலம் மாதிரி வியூகம் வகுத்து நின்றால்தான் தாக்குப்பிடிப்பார்கள். சுமாரான ஆட்களை வைத்தும் பிழைக்க வழி தெரிந்த பள்ளி அது.

தருண்: வியூகம். குறித்துக்கொண்டேன்.

பெரியம்மா: எத்தனை இலை போட வேண்டும்?

கவிதா: இருபத்தைந்து இருக்கும். பினாங்கு ஆட்கள்?

ரவி சித்தப்பா: போன வருஷம் எனக்குச் சொன்னதே முதல் நாள் ராத்திரி. என்னைக் கணக்கில் சேர்க்காதே.

லதா அத்தை: டேய் ரவி.

செல்வம் மாமா: அடுத்தது வாரிசு. மிங் கூட்டம் என்ற ரகசியக் குழுவைப் பார். தலைவர் யாங் டிங்தியான் ரகசியச் சுரங்கத்துக்குள் செத்துக் கிடக்கிறார், வெளியே யாருக்கும் தெரியாது. அவருக்குப் பிறகு பொறுப்பு யாருக்கு என்று எழுதிய கடிதமும் உள்ளேயே கிடக்கிறது. வெளியே இருப்பவர்கள் ஒவ்வொருவரும் மகா வீரர்கள். ஆளாளுக்குச் சண்டை. ஒருவர் கோபித்துக்கொண்டு போய்த் தனிக் கூட்டமே ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஆறு பள்ளிகள் சேர்ந்து மலையேறி வந்தன. ஜாங் வூஜி என்ற பையன் குறுக்கே வந்து நிற்காவிட்டால் மிங் கூட்டம் அன்றோடு சரி.

ரவி சித்தப்பா: அண்ணி, நம் வீட்டில் சுரங்கம் ஏதாவது இருக்கிறதா?

பெரியம்மா: மாமா எதுவும் எழுதி வைக்கவில்லை என்று எத்தனை தடவை சொல்வது ரவி.

ரவி சித்தப்பா: நான் சீனக் கதையைத்தான் கேட்டேன்.

கவிதா: சமையல்காரர்!!

தருண்: ஷாவ்லின் என்ற புத்த மடம் மட்டும் ஏன் எல்லாக் கதையிலும் இருக்கிறது மாமா?

அப்பா: ஆரம்பித்தவர் நம் ஆள். போதிதர்மர், காஞ்சிபுரம்.

செல்வம் மாமா: இல்லை மச்சான். அந்த மடம் 495-ல் பாட்டுவோ என்ற இந்தியத் துறவிக்காகக் கட்டியது. போதிதர்மர் அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார் என்ற பேச்சு 17-ஆம் நூற்றாண்டு நூலிலிருந்து கிளம்பியது.

அப்பா: எங்கள் வாத்தியார் அப்படிச் சொல்லவில்லை.

செல்வம் மாமா: தருண், ஷாவ்லினின் பலம் நூலகம். 72 கலைகளும் எழுத்தில் இருக்கின்றன. ஒரு குரு செத்தால் வித்தை சாகாது. பிச்சைக்காரர் சங்கத்துக்கு ஊர் ஊராக ஆள் உண்டு, முதுகில் எத்தனை பை என்பதுதான் பதவி, உளவில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் நாயடிக்கும் கோல் வித்தையைத் தலைவர் அடுத்த தலைவருக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுப்பார். அவர்களிடம் டிராகனை அடக்கும் 18 கையடிகள் இருந்தனவே, ஷி ஹுவோலாங் தலைவராக வந்தபோது அவருக்குத் தெரிந்தது 12.

லதா அத்தை: கல்யாணமான புதிதில் தீபாவளிச் சேலை எடுக்கப் போனவர், ஜின் யோங் கதையில் சௌ யுன்-ஃபட் நடித்த தொடரின் கேசட்டுகளோடு வந்தார். 1984.

செல்வம் மாமா: அந்தத் தொடரில்தான் ஹுவாஷான் பள்ளி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம். அதன் சீடன் லிங்ஹு சோங்கைத் தண்டனையாக ஒரு வருஷம் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிப் பாறை உச்சிக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரு குகை. முன்பு எதிரிக் கூட்டத்தின் பத்து மூத்தவர்களை அதற்குள் அடைத்துக் கொன்றிருக்கிறார்கள். சாவதற்கு முன் அவர்கள் ஐந்து மலைப் பள்ளிகளின் வாள் வீச்சையும், ஒவ்வொன்றையும் முறிக்கும் வழியையும் சுவரில் செதுக்கி வைத்தார்கள். பையன் பார்த்தால், தன் குருவுக்கே தெரியாத ஹுவாஷான் வீச்சுகள் அங்கே இருக்கின்றன! மூச்சுப் பயிற்சி முக்கியமா வாள் வீச்சு முக்கியமா என்று இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்த பள்ளி அது. சொந்த வித்தை எதிரியின் சுவரில்தான் மிச்சம். குரு யுவே புச்சுன் அடுத்தவன் குடும்பத்து வாள் நூலுக்கு ஆசைப்பட்டு என்ன ஆனார் என்பதைக் குடும்பக் குழுவில் எழுத முடியாது.

ரவி சித்தப்பா: எல்லாம் சரி அத்தான். இத்தனை பேருக்கும் சோறு யார் போட்டது? ஒரு கதையிலாவது அரிசி மூட்டை வருமா?

செல்வம் மாமா: நல்ல கேள்வி மச்சான். கதையில் அதிகம் வராது. நிஜ ஷாவ்லினுக்கு நிலம் இருந்தது. 621-ல், பின்னாளில் பேரரசரான லி ஷிமின் பக்கம் சேர்ந்து சண்டை போட்டார்கள். பிறகு 40 சிங் (பழைய சீன நில அளவு) நிலமும், தண்ணீரால் ஓடும் மாவாலை ஒன்றும் கிடைத்தன. 500 ஏக்கருக்கு மேல்.

தருண்: சூப்பர். ஷாவ்லினுக்கு நூலகம், நிலம், ஆலை. பிச்சைக்காரர்களுக்கு உளவு, ஆனால் தலைவர் மாறும்போதெல்லாம் வித்தை குறையும். ஹுவாஷான் பாதி ஆட்டத்தில் இரண்டாகப் பிளக்கும்.

ரவி சித்தப்பா: அப்படியானால் ஷாவ்லின்தானே ஜெயிக்கும். எதற்கு விளையாட வேண்டும்?

செல்வம் மாமா: அதை விளையாட விடாதே தருண். மலைமேல் அளவுகோலாக வை. கதாநாயகன் எப்போதும் உடைந்த பள்ளியிலிருந்துதான் வருவான்.

கவிதா: சமையல்காரர் ஞாயிறு மத்தியானம் வேறு இடத்தில் ஒப்புக்கொண்டாராம்.

பெரியம்மா: நானே சமைக்கிறேன். ரவி, நீ வந்து தேங்காய் துருவு.

ரவி சித்தப்பா: பார்க்கலாம் அண்ணி.

செல்வம் மாமா: வூடாங் பள்ளி பற்றி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஜாங் சான்ஃபெங்

லதா அத்தை: போனை வைத்துவிட்டு மாத்திரை போடுங்கள்.