குப்பைமேனியைப் பிடுங்கினதும் பூனை தரையில் புரளுது, பயப்படணுமா?

கேள்வி – மல்லித்தொட்டி:
மல்லிகைத் தொட்டியில முளைச்ச களையைப் பிடுங்கிப் போட்டதும் ரெண்டு வயசுப் பெண் பூனை ஓடி வந்து வேரை மோந்துச்சு. கன்னத்தைத் தேய்ச்சு, எச்சில் ஒழுக, மல்லாந்து புரண்டுச்சு. பத்து நிமிஷத்துல எழுந்து போயிருச்சு. ரெண்டு மாசக் குட்டி பக்கத்துலயே இருந்தும் திரும்பிக்கூட பாக்கலை. இது வலிப்பா, விஷமா? இப்போ தினமும் அதே தொட்டியைத் தோண்டுது, மல்லி வேர் வெளிய தெரியுது. களையோட இலை ஓரம் ரம்பப் பல் மாதிரி, இலைக்காம்பு அடியில பச்சைக் கதிர்.

பதில் – மாடித்தோட்டம்:
குப்பைமேனிதான். உறுதி செய்ய ரெண்டு அடையாளம். செடியை மேலிருந்து பாத்தா, கீழ் இலைக் காம்பு நீளமாவும் மேல் இலைக் காம்பு குட்டையாவும் இருக்கும். அதனால ஒரு இலை இன்னொண்ணை மறைக்காது. கதிரை விரலால திருப்பிப் பாருங்க. பல் பல்லா வெட்டின குட்டிக் கிண்ணம் மாதிரி பச்சைச் செதில் ஒவ்வொண்ணுக்குள்ளயும் பெண் பூ உக்காந்திருக்கும்.

இதுக்குப் பழைய பேரே ‘பூனைவணங்கி’. பூனை இதுக்கு முன்னாடி விழுந்து புரளுறதைப் பாத்து வெச்ச பேரு. வாசம் வேர்லதான். மண்ணுக்குள்ள இருக்கிற வரைக்கும் பூனை கண்டுக்காது, வேர் வெளிய வந்தாதான் தேடி வரும். உங்க தொட்டியில வேர் அறுந்து பாதி உள்ளயே நின்னிருக்கு. தோண்டுறதுக்குக் காரணம் அதுதான்.

பதில் – கால்நடை மருத்துவம்:
வலிப்பு இல்லை. வலிப்பு வந்த பூனை கூப்பிட்டால் திரும்பாது, கால்கள் விறைக்கும், சிறுநீர் கழியலாம், தெளிந்த பிறகும் சற்று நேரம் தடுமாறும். உங்கள் பூனை தானே வந்து, தானே எழுந்து போயிருக்கிறது.

இந்த வேரில் பூனையை இழுக்கும் இரண்டு சேர்மங்களை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016-ல் பிரித்தெடுத்தார்கள். பூனைகளை மயக்கும் மேல்நாட்டுச் செடியான கேட்னிப்பில் இருக்கும் பொருளுக்கு அவை நெருங்கிய உறவு. கேட்னிப்புக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பூனை அசையவே அசையாது, அது பரம்பரைக் குணம். மூன்று மாதத்துக்குக் கீழான குட்டிகளும் பொதுவாக அசைவதில்லை. உங்கள் குட்டிக்குக் குறை ஒன்றும் இல்லை.

மோந்து புரளட்டும், ஆனால் மென்று தின்ன விடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இந்தச் செடியில் அகாலிபின் என்ற சயனைடு தரும் பொருள் உண்டு. முயல்களுக்கு ரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறியது பதிவாகியிருக்கிறது. இலங்கையில் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கு, இதைச் சாப்பிட்ட பிறகு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்த சம்பவங்களும் உண்டு. பூனையின் ஹீமோகுளோபின் இயல்பாகவே எளிதில் கெடும். வெங்காயமும் பாராசிட்டமாலும் பூனைக்கு ஆகாததற்குக் காரணம் அதுவே. ஈறு வெளுத்தோ பழுப்பாகவோ தெரிந்தால், சிறுநீர் கறுத்தால், மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

மல்லித்தொட்டி:
ரொம்ப நன்றி டாக்டர். குட்டிக்குக் காதுகிட்ட சொறி இருக்கு. குப்பைமேனி இலையை மஞ்சள், உப்பு வெச்சு அரைச்சுப் பூசலாமா?

பதில் – கால்நடை மருத்துவம்:
வேண்டாம். நமக்குப் பூசினால் தோலோடு போகும், பூனை நக்கி விழுங்கிவிடும். காதோரச் சொறி பெரும்பாலும் சிற்றுண்ணியாகவோ பூஞ்சையாகவோ இருக்கும், இரண்டுக்கும் மருந்து வேறு. தோலைச் சுரண்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாய்க்கான உண்ணி மருந்தையும் போடாதீர்கள், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை உயிருக்கே ஆபத்து.

பதில் – மாடித்தோட்டம்:
தொட்டிக்கு வருவோம். சாயங்காலம் நல்லா தண்ணி விட்டு அரை மணி நேரம் ஊற விடுங்க. மல்லித் தூரை விட்டுத் தள்ளி, மெல்லிய குச்சியால மண்ணைக் கிளறி மிச்ச வேரை முழுசா எடுங்க. காஞ்ச வேருக்கும் பூனை வரும், அதனால குப்பைக்கூடையில மூடிப் போடுங்க. நசுங்கின மல்லி வேரை மட்டும் கத்தரிச்சிட்டு, செம்மண்ணும் மண்புழு உரமும் சமமாக் கலந்து, வேர் மறையுற அளவுக்கு மூடுங்க. தூரைப் புதைச்சிடாதீங்க, அழுகிடும். நாலஞ்சு நாள் நிழல்ல வைங்க, புதுத்துளிர் வர்ற வரைக்கும் வேற உரம் வேண்டாம்.

மேல கொட்டாங்குச்சித் துண்டுகளைக் கவுத்து நெருக்கமா அடுக்குங்க. தேங்காய் நார்த்தூள் போட்டா, அது பூனைக்குத் தோண்ட இன்னும் வசதி. அப்பவும் தோண்டினா, அரை அங்குலக் கண்ணி கம்பி வலையை வட்டமா வெட்டி, நடுவுல தண்டுக்கு வழி விட்டு, மண்ணோட படிய வைங்க.

அந்துருண்டை, கற்பூரம், பினாயில் எதையும் தொட்டியில போடாதீங்க. பூனை காலை நக்கும், மூணுமே அதுக்கு விஷம்.

குப்பைமேனி விதையாலதான் பரவும். கதிர் பச்சையா இருக்கும்போதே ஈர மண்ணுல வேரோட எடுத்துடுங்க.

மல்லித்தொட்டி:
தண்ணி விட்டுக் கிளறினதுல விரல் நீளத்துக்கு ஒரு வேர் அறுந்து உள்ள நின்னிருந்தது. எடுத்தாச்சு. கொட்டாங்குச்சியும் அடுக்கிட்டேன். குட்டியை நாளைக்குக் காட்டப் போறேன்.