கடலடியில் ஒரு கார்

முரளி: (படம்) பசிபிக் கடலில் ஏறத்தாழ 5 கி.மீ. ஆழத்தில் ஒரு கார்! யார்க்டவுன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலுக்குள் நிற்கிறது. 2025 ஏப்ரலில் ஆய்வுக் கேமராவில் சிக்கியதாம்.

சித்தி: பொய்ப் படமாக இருக்கும். போன வாரம் நீ அனுப்பிய ஐந்து தலை நாகமும் இப்படித்தான்.

பெரியப்பா: இது மெய்தான். 1942 ஜூன் 7ஆம் தேதி, ஜப்பானோடு நடந்த மிட்வே சண்டையில் அடிபட்டு மூழ்கிய கப்பல். மூழ்கியதை விடுங்கள், அது அந்தச் சண்டைக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாடு.

கயல்: சொல்லுங்கள் பெரியப்பா. மாத்திரை போட்டுவிட்டீர்கள்தானே?

பெரியப்பா: போட்டாயிற்று. அதே வருடம் மே 8ஆம் தேதி, ஜப்பானோடு நடந்த பவழக் கடல் சண்டையில் ஒரு குண்டு மேல்தளத்தைத் துளைத்து, உள்ளே போய் வெடித்தது. பழுது பார்க்க மூன்று மாதம் ஆகும் என்றார்கள். ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தின் டிரை டாக்கில், அதாவது கப்பலை நிறுத்தித் தண்ணீரை வடித்துப் பழுது பார்க்கும் தொட்டியில், தண்ணீர் முழுதும் வடிவதற்கு முன்பே அமெரிக்கக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் பூட்ஸோடு இறங்கி அடிப்பகுதியைப் பார்த்தார். மூன்றே நாளில் கப்பல் வேண்டும் என்று சொல்லிவிட்டார். 1,400 பேர் இரவு பகலாக உழைத்தார்கள். வரைபடம் போட நேரம் ஏது? பலகையில் அளவு வெட்டி, அதன்படி இரும்பை அறுத்து வெல்டிங் செய்தார்கள். மே 30 காலை கப்பல் கிளம்பிவிட்டது.

முரளி: நீங்களும் இதே வேலைதானே பார்த்தீர்கள்?

பெரியப்பா: 31 வருடம். ஒரு தகடு மாற்ற எங்களுக்கு நான்கு நாள், அதில் இரண்டு நாள் கையெழுத்துக்கு! இந்தப் பக்கம் வெல்டிங் நடந்தால், தகட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் தண்ணீர் வாளியோடு உட்கார்ந்திருப்பார். எண்ணெய் ஒட்டியிருந்தால் பற்றிக்கொள்ளும். அங்கே எத்தனை வாளி வைத்தார்களோ!

சித்தி: அவ்வளவு பாடுபட்டும் மூழ்கிவிட்டதே.

பெரியப்பா: சும்மா மூழ்கவில்லை. ஜூன் 4ஆம் தேதி ஹிர்யூ என்ற ஜப்பானிய விமானந்தாங்கியிலிருந்து வந்த விமானங்கள் குண்டு போட்டன. மாலுமிகள் தீயை அணைத்து, ஓட்டையை அடைத்து, மறுபடி ஓட்டினார்கள். இரண்டாவது முறை வந்த ஜப்பானியர்கள் இது வேறொரு கப்பல் என்று நினைத்துத்தான் டார்பிடோ போட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் மிச்சத்தையும் முடித்தது. ஜப்பானுக்கு அந்தச் சண்டையில் போனது நான்கு விமானந்தாங்கிகள்.

கயல்: கார் எப்படித் தப்பியது?

பெரியப்பா: சாய்ந்த கப்பலின் பாரம் குறைய வேண்டும் என்று பீரங்கி, விமானம் எல்லாவற்றையும் கடலில் தள்ளினார்கள். காரை மட்டும் ஏன் விட்டார்களோ, புரியவில்லை.

சித்தி: பெரிய அதிகாரியின் காராக இருக்கும். யார் துணிந்து கை வைப்பார்கள்?