ஓடிய கணக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கடற்கரை ஓட்டக்காரன்:

நான்கு ஆண்டுகள் ஓடிய கணக்கு என்னிடம் இல்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் விடியலுக்கு முன்னால் ஓடியதெல்லாம் ஓர் இலவசச் செயலிக்குள் இருந்தது. சேவையை மூடப்போவதாக மூன்று மின்னஞ்சல்கள் வந்திருக்கின்றன. மூன்றும் விளம்பர மடல்களோடு ஒதுங்கிக் கிடந்தன. நான் பார்த்தபோது கெடு முடிந்து எட்டு நாளாகியிருந்தது. என் அசட்டைதான். ஆனாலும் முதல் அரை மாரத்தானை எவ்வளவு நேரத்தில் முடித்தாய் என்று யாராவது கேட்டால், "இரண்டேகால் மணி இருக்கும்" என்று மழுப்ப வேண்டியிருக்கிறது.

பெரிய இடத்துப் பிள்ளை என்றாலும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. கூகுளின் ஓட்டப் பதிவுச் செயலி மை டிராக்ஸ் 2016 ஏப்ரல் இறுதியில் நின்றது. டென்மார்க்கில் பிறந்து அண்டர் ஆர்மர் என்ற விளையாட்டு உடை நிறுவனம் வாங்கிய எண்டோமோண்டோ செயலிக்கு 2020 டிசம்பர் 31 கடைசி நாள்.

இப்போது புதுச் செயலியை நிறுவினால் ஒரே ஒரு நாள் ஓடுவேன். அன்றே அந்த ஓட்டத்தைக் கோப்பாக வெளியே எடுத்துப் பார்ப்பேன். எடுக்க வழியில்லை என்றால் மறுநாள் அது என் கைப்பேசியில் இருக்காது.

அப்படி எடுத்த, ஓடிய பாதையைச் சொல்லும் ஜிபிஎக்ஸ் கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்தேன். வெறும் எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என்று வரிசையாக நிற்கின்றன. நேரம் மட்டும் 23:40 என்றிருந்தது, தேதியும் முந்தின நாள். நான் ஓடியதோ ஞாயிறு காலை 5.10க்கு. அதில் உலகப் பொது நேரம்தான் பதியும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. சோதித்த மூன்று மென்பொருள்களில் ஒன்று அதைக் கூட்டவே இல்லை. என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சனி இரவில் ஏறிக்கொண்டன. திரையைப் பார்த்த மனைவி, "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எங்கே போய்விட்டு வந்தீர்கள்?" என்றாள். அந்த மென்பொருளுக்கு அன்றே விடை கொடுத்தேன்.

இப்போது கைப்பேசியில் ஓட்டத்தைப் பதிய ஓப்பன் டிராக்ஸ் செயலி. இணைய அனுமதியே கேட்காது. பதிவு என் கையில்தான். வீட்டுக் கணினியில் பயிற்சிக் கணக்கை அலசும் கோல்டன் சீட்டா மென்பொருள். சைக்கிள்காரர்களுக்காக எழுதப்பட்டது, முதல் பார்வைக்கு விமானி அறை மாதிரி மிரட்டும், ஆனால் ஒவ்வோர் ஓட்டத்தையும் தனித்தனிக் கோப்பாக ஒரு கோப்புறையில் வைக்கிறது. அந்தக் கோப்புறையை மாதம் ஒருமுறை பென்டிரைவில் நகல் எடுக்கிறேன். நீங்கள் எப்படி?

கோவை நடைக்காரி:

எனக்கு வயது 58. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னதும் நடக்கும் அடிகளை எண்ணும் கைப்பட்டை ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்தாள். ரேஸ் கோர்ஸ் நடைபாதைதான் என் மைதானம். முதல் வாரம் ஒருநாள் 17,000 அடி என்று காட்டியது. அவ்வளவு நடந்திருந்தால் அன்று மாலை என்னைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்! பையிலிருந்த கைப்பேசியும் எண்ணியது, கைப்பட்டையும் எண்ணியது, நடுவிலிருந்த செயலி இரண்டையும் கூட்டிவிட்டது. பல செயலிகளின் உடல்நலக் கணக்கை ஒரே இடத்தில் சேர்க்கும் ஆண்ட்ராய்டின் ஹெல்த் கனெக்டில் எந்தச் செயலியின் கணக்கு முந்தியது என்று வரிசைப்படுத்தும் இடம் இருக்கிறது. மகள் அதில் கைப்பட்டையை மேலே ஏற்றிய பிறகு 9,000 பக்கம் இறங்கியது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மருத்துவர் அறையில் வேறு பாடம். நீங்கள் கைப்பேசியை விரலால் தள்ளித் தள்ளி வரைபடம் காட்டும்வரை அவர் காத்திருக்க மாட்டார். நான் வாரத்துக்கு ஒரு வரி வைத்து எக்செல்லில் போடுகிறேன்: அடிகள், எடை, வெறும்வயிற்றுச் சர்க்கரை. மூன்று மாதத்துக்குப் பதின்மூன்று வரி, ஒரே தாள். அதை மட்டும் அவர் முழுதாகப் படித்தார்.

சிங்கப்பூர் நிரலர்:

ஓட்டக்காரன் அண்ணா, ஜிபிஎக்ஸோடு நின்றுவிடாதீர்கள். அதன் அடிப்படை வடிவத்தில் இதயத் துடிப்புக்கு இடமே கிடையாது. பின்னிணைப்பாகச் சேர்க்கலாம், ஏற்றுமதி செய்யும் செயலி அதைச் சேர்க்காமல் விட்டால் பாதை வரும், துடிப்பு வராது. எனக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓடிய ஓராண்டுத் துடிப்பு அப்படித்தான் போயிற்று. கைக்கடிகாரத்தில் ஃபிட் என்ற இரும வடிவக் கோப்பு கிடைத்தால் அதையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்பேடில் திறந்து படிக்க முடியாது என்பதுதான் குறை.

கைப்பட்டைக்கு நான் கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற ஆண்ட்ராய்டு செயலியைப் பயன்படுத்துகிறேன். நிறுவனத்தின் செயலி இல்லாமலே பல கைப்பட்டைகளோடு பேசும். தரவு கைப்பேசியிலேயே எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பாக இருக்கும். ஒரு தொல்லை: சில வகைகளுக்கு ஒரு சாவி எண் வேண்டும், அதைப் பெற முதல் தடவை நிறுவனச் செயலியின் வாசலை மிதித்தே ஆக வேண்டும். எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இது இல்லை. அவர்கள் ஹெல்த் செயலியில் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுமதி செய்யலாம், ஆனால் வருவது ஒரே பூதாகாரமான எக்ஸ்எம்எல் கோப்பு. மனைவியின் நான்காண்டுத் தரவைத் திறக்கப் போய் என் மடிக்கணினி மூச்சடைத்து நின்றது.

வைகைக்கரை:

யாரும் வரைபடத்தைப் பற்றிப் பேசவில்லையே! நான் தினமும் வாசல் கேட்டைப் பூட்டிவிட்டுப் பொத்தானை அழுத்துவேன். ஒருநாள் உடன் ஓடும் தோழி, "உன் வீடு அந்த மூலைத் திருப்பத்தில் மூன்றாவது தானே?" என்றாள். அவள் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. என் பாதைகள் எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்கி ஒரே புள்ளியில் முடிந்திருந்தன, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி. அமைப்பைத் திறந்தே பார்க்காதது என் தவறு. ஓட்டப் பதிவுச் செயலியான ஸ்ட்ராவா, எல்லோரும் ஓடிய தடங்களையும் ஒளிக்கோடுகளாகக் காட்டி 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வெப்ப வரைபடத்தில் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகளே பளிச்சென்று தெரிந்து, 2018 ஜனவரியில் பெரும் செய்தியானது. சிப்பாய்க்கே அந்தக் கதி என்றால் விடிகாலையில் தனியாக ஓடும் பெண்ணுக்கு? தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி இப்போது அதில் இருக்கிறது. நான் அதையும் போட்டுவிட்டுத் தெருமுனை தாண்டித்தான் பதிவைத் தொடங்குகிறேன்.

டைரிக்காரர்:

இருபது வருடமாகக் கேலண்டர் டைரியில் எழுதுகிறேன். தேதி, தூரம், நேரம், முழங்கால் வலித்ததா இல்லையா. பேட்டரி தீராது. முழங்காலைப் பற்றி உங்கள் செயலிகள் கேட்பதுண்டா? ஓட்டக்காரன் தம்பி, அரை மாரத்தான் என்றால் சான்றிதழ் கொடுத்திருப்பார்களே. வீட்டில் தேடினீர்களா?

கடற்கரை ஓட்டக்காரன்:

டைரிக்கார ஐயா, நேற்று பரணில் ஏறித் தேடினேன். பதக்கத்தோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. 2 மணி 41 நிமிடம்.