நம்ம வீடு குரூப்: ஜாக் ஜான்சனும் சாம் லாங்ஃபோர்டும்

சித்தப்பா: ஜாக் ஜான்சன் மாதிரி ஒருத்தன் கிடையாதுப்பா. 1908ல சிட்னியில டாமி பர்ன்ஸை அடிச்சு, குத்துச்சண்டையில ஹெவிவெயிட்ங்கற அதிக எடைப் பிரிவுல முதல் கறுப்பின உலக சாம்பியன். யாரு வந்தாலும் நின்னு அடிச்சான் 💪

அண்ணன்: யாரு வந்தாலுமா? சாம் லாங்ஃபோர்டுக்கு ஏன் சித்தப்பா பட்டத்துக்கு மோத சான்ஸே குடுக்கல?

அத்தை: அது யாருடா புதுசா?

அண்ணன்: கனடாவுல நோவா ஸ்கோஷியாக்காரர் அத்தை. சின்னப் பையனா வீட்டை விட்டு பாஸ்டன் வந்து சேர்ந்தார். ஆள் குள்ளம். 1903ல லைட்வெயிட் (குறைஞ்ச எடைப் பிரிவு) சாம்பியன் ஜோ கான்ஸையே ஜெயிச்சார், ஆனா அன்னிக்குப் பட்டத்துக்கான சண்டை இல்ல. அப்புறம் ஹெவிவெயிட் வரைக்கும் போய் தன்னைவிடப் பெரிய ஆளுங்களோடயே மோதினார்.

சித்தப்பா: 1906ல ஜான்சன் அவனை ஜெயிச்சாச்சே. 15 ரவுண்ட்.

அண்ணன்: ஜெயிச்சார். எடையில பத்து கிலோவுக்கு மேல கூடுதல், அதையும் சொல்லுங்க 😄 பட்டம் வந்தப்புறம் லாங்ஃபோர்ட் பக்கமே திரும்பல. 1915 வரைக்கும் ஒரே ஒரு கறுப்பரோடதான் பட்டப் போட்டி, 1913ல பாரிஸ்ல, ஜிம் ஜான்சன். அதுவும் டிரா.

அக்கா: வெள்ளைக்காரங்க கறுப்பரை ஒதுக்கினாங்க சரி. ஜான்சனுமா?

சித்தப்பா: பணம்தாம்மா. வெள்ளையன் எதிர்ல நின்னாத்தான் டிக்கெட் விக்கும். லாங்ஃபோர்டோட மோதினா ஆபத்து ஜாஸ்தி, வரும்படி கம்மி.

அக்கா: அப்ப லாங்ஃபோர்ட் யாரோட சண்டை போட்டுப் பொழச்சார்?

அண்ணன்: அவரை மாதிரியே ஒதுக்கப்பட்டவங்களோட. ஹாரி வில்ஸோட மட்டும் 15 தடவைக்கு மேல. ஊர் ஊராப் போய் அதே ஆளுங்க திரும்பத் திரும்ப. 1917ல ஒரு கண்ணு போச்சு. 1923ல பாதிக் குருடா மெக்சிகோவுல ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார்!

அத்தை: ஐயோ, கண்ணு தெரியாம எப்படிடா

அண்ணன்: கிட்ட நெருங்கிப் போய், மேல இடிச்சுக்கிட்டே அடிப்பார் அத்தை. கடைசில முழுசா பார்வை போச்சு. 1944ல அல் லேனின்னு ஒரு பத்திரிகைக்காரர் தேடிப் போனார். செத்துட்டார்னே பலர் சொன்னாங்களாம். நியூயார்க்ல ஹார்லெம் பகுதியில ஒரு இருட்டு ரூம்ல, கையில காசில்லாம உட்கார்ந்திருந்தார். கட்டுரை வந்ததும் ஜனங்க பணம் திரட்டிக் குடுத்தாங்க. இறந்தது 1956ல.

சித்தப்பா: சரிடா, ஒத்துக்கறேன். ஆனா ஜான்சன் பயந்தான்னு மட்டும் சொல்லாத.

அண்ணன்: பயம்னு சொல்லல. கணக்குப் போட்டார். அதுக்காக "யாரு வந்தாலும்"னு எழுதாதீங்க 🙏

அக்கா: சித்தப்பா மெசேஜை டெலீட் பண்றதுக்குள்ள ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு 😂