துருப்பிடிச்ச டேங்க் யூனிட்: சரிபண்றதா, மாத்தறதா?

திருவான்மியூர் பத்மினி:
அப்பா 1989-ல வாங்கின ப்ரீமியர் பத்மினி கார். பெட்ரோல் முள்ளு மூணு மாசமா அரை டேங்க்லயே நிக்குது. போன வாரம் அதை நம்பி மத்திய கைலாஷ் சிக்னல்ல பெட்ரோல் தீர்ந்து நின்னோம். அம்மாவை வெயில்ல உக்கார வெச்சுட்டு பங்க்குக்கு ஓடினேன். டேங்க்குக்குள்ளே பெட்ரோல் அளவைப் பார்த்து முள்ளுக்குச் சொல்ற டேங்க் யூனிட்டைக் கழட்டினா, ப்ளோட் (மிதவை) கம்பி, தட்டு எல்லாம் துரு. மெக்கானிக் புதுசு போடச் சொல்றார், எனக்கு மனசு வரலை. என்ன பண்ணலாம்?

பெரம்பூர் டிரைவர்:
தம்பி, மெக்கானிக் சொல்றதுதான் சரி. உள்ளே சுத்தியிருக்கற கம்பி தலைமுடி மாதிரி மெல்லிசு. ப்ளோட்டோட நகர்ற நாக்கு அது மேல வருஷக்கணக்கா உரசியிருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா கம்பியே அறுந்துடும். அம்மாவை மறுபடியும் நடுரோட்டுல நிறுத்தணுமா?

ராயபுரம் வயரிங்:
இதை ஒத்துக்க மாட்டேன் சார். டேஷ்போர்டு மீட்டரும் டேங்க் யூனிட்டும் ஜோடி. புதுசோட ஓம்ஸ் (மின்தடை) கணக்கு வேறயா இருந்தா, டேங்க் நிரம்பியிருந்தாலும் முள்ளு முக்கால்லதான் நிக்கும். என் அம்பாசிடருக்கு ஒரு கடையில வாங்கினது அப்படித்தான். ஆறு மாசம் கிலோமீட்டரை எண்ணி ஓட்டினேன்.
தம்பி, கழட்டின யூனிட்டை மேசை மேல வெச்சு, ஓம்ஸ் அளக்கற மல்டிமீட்டர் போடுங்க. ப்ளோட்டை மெதுவா தூக்குங்க. ஓம்ஸ் சீரா ஏறி இறங்கினா கம்பி உயிரோட இருக்கு. தாவினா அந்த இடம் அழுக்கு, இல்லைன்னா அறுந்தது. அப்புறம் எர்த் பாருங்க, அதாவது டேங்க்குல இருந்து கரண்ட் கார் பாடிக்குத் திரும்பற இணைப்பு. டேங்க் பட்டை துருப்பிடிச்சாலே எர்த் போயிடும், பழி யூனிட் மேல விழும்.

பெரம்பூர் டிரைவர்:
எர்த் சரியாகலாம். தேஞ்சது வளருமா? இப்போ வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது தண்ணியை இழுக்கும். பழைய ரப்பரும் தாங்காது.

வேளச்சேரி பாலிடெக்னிக்:
ரெண்டு பேரும் யூனிட்டைப் பத்தியே பேசறீங்க. டேங்க்குக்குள்ளே யாராவது பார்த்தீங்களா? 2015 டிசம்பர் வெள்ளத்துல என் கார் ரெண்டு நாள் தண்ணிக்குள்ளே நின்னுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு யூனிட் மாத்தினேன், ரெண்டுமே துரு. தண்ணி பெட்ரோலை விடக் கனம். அடியில தங்கி அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. டேங்க்கை இறக்கிக் கழுவின பிறகு போட்டது இன்னிக்கும் ஓடுது. கடற்கரைப் பக்கம் இருக்கறவங்க அரை டேங்க்கோட மாசக்கணக்கா வண்டியை நிறுத்தி வெச்சாலும் இதே கதிதான். உள்ளே இருக்கற ஈரக்காத்து வேர்த்துச் சொட்டும்.
ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன். காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி. பக்கத்துல ஈயம் வைக்கிறது, வெல்டிங் எதுவும் வேணாம். ப்ளோட் பித்தளைன்னா வெந்நீர்ல முக்குங்க. குமிழி வந்தா ஓட்டை.

திருவான்மியூர் பத்மினி:
வேளச்சேரி மேடம் டேங்க்குக்குள்ளே பார்க்கச் சொன்னதால, பெட்ரோலை ஒரு கண்ணாடி ஜாடியில இறக்கினேன். அடியில ரெண்டு விரல் உயரத்துக்குத் தண்ணி, காபி நிறம். டேங்க் இப்போ புதுப்பேட்டையில ஒரு ரேடியேட்டர் கடையில இருக்கு. ப்ளோட்ல குமிழி இல்லை. மல்டிமீட்டர்ல ஃபுல்லுல இருந்து கால் டேங்க் வரை சீரா வருது. அதுக்குக் கீழே தாவுது.

ராயபுரம் வயரிங்:
நல்ல செய்தி! உப்புத்தாள் வேணாம். காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, மெல்லிசு பிரஷ்ஷால தட்டி விட்டு, நாக்கை லேசா வளைச்சுப் பாருங்க.

பெரம்பூர் டிரைவர்:
தம்பி, மீட்டர் வேண்டியதே அந்தக் கடைசி கால் டேங்க்குக்குத்தான். கழுவியும் அங்கே தாவினா, தயவுசெஞ்சு மாத்திடுங்க. எதைப் போட்டாலும், பெட்ரோல் கசியாம தடுக்கற கேஸ்கெட் புதுசா இருக்கட்டும்.

திருவான்மியூர் பத்மினி:
கேஸ்கெட் வாங்கிட்டேண்ணா. சனிக்கிழமை டேங்க் வருது. கழுவிட்டு மறுபடி ஓம்ஸ் பார்த்து எழுதறேன்.