1972 எம்ஜிபி: சீஸ் ஆன (இறுகிச் சுற்றாமல் நின்றுபோன) எஞ்சினை எப்படி விடுவிப்பது?

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை ஆசையாக வாங்கியிருக்கிறேன். ஈரக் கொட்டகையில் எட்டு வருடம் நின்ற வண்டி. 1798 சிசி எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது. நாலாவது கியரில் போட்டுத் தள்ளினால் பின்சக்கரம் இழுபடுகிறதே தவிர கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) அசையவில்லை.

ஸ்டார்டர் மோட்டார், ஃபேன் பெல்ட் இரண்டையும் கழற்றிப் பார்த்தாச்சு, சிக்கல் அங்கே இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபோது மூன்றாவதில் மட்டும் துரு. அந்த சிலிண்டரில்தான் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றிப் பத்து நாள் ஆகிறது.

இன்னும் காத்திருக்கலாமா, ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடி) கழற்றிவிடலாமா? நீளமான கம்பி போட்டு கிராங்க் முனையில் இருக்கும் புல்லி நட்டைத் திருப்பினால் ரிங் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதே எஞ்சினைப் பிரித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.